வேகம் எங்கே தேங்கியிருந்தது: ஒரு வீட்டுக் கணினி மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

மேசைக் கணினி வாங்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி "எந்த பிராசசர்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். மூன்று தலைமுறைக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது ஒரே கணினி. ஓய்வுபெற்ற ஆசிரியரான தாத்தா பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து வைப்பார், கட்டுரை எழுதுவார். அவருடைய மகள் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். ஒரு கோப்பைத் திறந்தால் கூடவே அகராதிகள், குறிப்புப் பக்கங்கள் என்று உலாவியில் நாற்பது தாவல்களாவது திறந்திருக்கும். பேரன் மேல்நிலைப் பள்ளி மாணவன்: நிரல் எழுதிப் பழகுகிறான், காணொளி தொகுக்கிறான், கிடைத்த நேரத்தில் விளையாடுகிறான். மூவரும் எனக்கு நெடுநாள் பழக்கம். பேச்சு தொடங்கியதிலிருந்தே உடன் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழைய கணினி காட்டிய எண்கள்

பழைய பெட்டிக்குள் இருந்தது 2013-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3-4130 செயலி (பிராசசர்), 4 ஜிபி டிடிஆர்3 ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7-உடன் வந்து, பிறகு இலவசமாக விண்டோஸ் 10-க்கு ஏறியது. வீட்டார் சொன்ன குறை ஒன்றே: "மெதுவாக இருக்கிறது." அந்த இரண்டு சொற்களோடு கடைக்குப் போனால் விற்பவர் எதை எடுத்துக் காட்டினாலும் சரியாகத்தான் தோன்றும்.

ஆகவே மகள் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்க, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திரையின் ஓரத்தில் திறந்துவைத்து ஒரு மாலை முழுக்கக் கவனித்தோம். செயலியின் பயன்பாடு பெரும்பாலும் பாதியைத் தாண்டவில்லை. ரேமில் 3.6 ஜிபி எந்நேரமும் நிரம்பியிருந்தது. ஹார்டு டிஸ்க்கின் கோடோ நூறு சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டு இறங்கவே மறுத்தது. ஒரு தாவலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் பெட்டிக்குள் டிஸ்க் கரகரத்தது.

ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் அதில் இருப்பவற்றில் ஒரு பகுதியை டிஸ்க்கில் இறக்கிவைக்கும். மறுபடி தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ளும். அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி வினாடிக்குச் சற்று மேலே ஆகிறது. படிக்கும் முனை இடம் மாறும் நேரம் தனி. சிதறிக் கிடக்கும் தகவலை இப்படி வினாடிக்கு நூறு முறை, கூடிப்போனால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் எடுக்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம், சாதாரணமானது என்றாலும், இதையே பல்லாயிரம் முறை செய்யும். வீட்டில் எல்லாரும் பழிபோட்ட செயலி உண்மையில் வேலையின்றி டிஸ்க்குக்காகக் காத்திருந்தது.

பேரனுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம். "அப்படியென்றால் ரேமும் எஸ்எஸ்டியும் போட்டால் போதுமா, மாமா?" என்று கேட்டான். வேகத்துக்கு மட்டும் என்றால் போதும். பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் அந்த மதர்போர்டு 16 ஜிபி வரை ரேம் ஏற்கும். தாத்தா மட்டுமே பயன்படுத்தும் கணினியாக இருந்திருந்தால் அதையே செய்யச் சொல்லியிருப்பேன். இன்றும் பல வீடுகளில் புதிது வாங்குவதைவிட அதுதான் புத்திசாலித்தனமான செலவு.

முடிவை மாற்றியது ஒரு தேதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று ஒரு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது தள்ளிப்போடுவதே தவிரத் தீர்வு அல்ல. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் செயலி என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இவர்களுடைய செயலி நான்காம் தலைமுறை. தடையைச் சுற்றிப்போய் நிறுவும் வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. லினக்ஸ் போடலாம் என்றால், மகளின் மொழிபெயர்ப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். வங்கிக் கணக்கும் பிறர் நம்பிக் கொடுத்த ஆவணங்களும் புழங்கும் கணினியில் திருத்தங்கள் வராமல் ஓட்டுவதற்கு மகள் உடன்படவில்லை. வாங்குவது என்று முடிவானது. அந்த மாலையில் கண்ட எண்கள், எதை வாங்குவது என்பதிலும் பாதியைத் தீர்த்துவைத்திருந்தன.

எதற்குச் செலவு செய்வது

மடிக்கணினி பற்றிய பேச்சு எழுந்த வேகத்திலேயே அடங்கியது. தாத்தாவுக்குக் கழுத்து வலி. அவருக்குத் திரை கண்மட்டத்திலும் விசைப்பலகை கைமட்டத்திலும் இருக்க வேண்டும். மடிக்கணினியில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை.

பட்டியலில் முதலில் எழுதியது திரையைத்தான். பெட்டிக்குள் இருப்பவை ஐந்தாறு ஆண்டுகளில் மாறக்கூடும். நல்ல திரை அடுத்த கணினிக்கும் உழைக்கும். இருந்தும் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது திரையில். 27 அங்குலத்தில் 1920×1080 புள்ளிகள் கொண்ட திரை மலிவாகக் கிடைத்தது. அளவு பெரிது, எழுத்தும் பெரிதாகத் தெரியும், தாத்தாவுக்கு நல்லது என்பது வீட்டாரின் கணக்கு. எழுத்து பெரிதாகத் தெரிந்தது உண்மை, தெளிவாகத் தெரியவில்லை. அங்குலத்துக்கு ஏறக்குறைய 82 புள்ளிகள்தான் அதில். ஆங்கில எழுத்துக்கு அது ஓரளவு ஒப்பேறும். தமிழில் சிறிய எழுத்தளவுக்குப் போனால் "ன்" என்பதன் மேலுள்ள புள்ளி எழுத்தின் வளைவோடு ஒட்டிக்கொள்கிறது. "ணை", "னை" இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பகல் முழுக்கத் தமிழ் மெய்ப்புப் பார்க்கும் மகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதே 27 அங்குலத்தில் 2560×1440 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 109 வரும். விண்டோஸில் உருப்பெருக்கத்தை 125 சதவீதமாக வைத்தபோது எழுத்து தேவையான அளவுக்கு வளர்ந்தது, புள்ளியும் பிரிந்து நின்றது. அதையே எடுத்தார்கள். கடைக்குப் போகிறவர்கள் தாங்கள் தினமும் படிக்கும் ஒரு பக்கத்தைத் தமிழில் கையோடு கொண்டுபோய்த் திரையில் போட்டுப் பார்ப்பது நல்லது. கடைகளில் ஓடும் கடல், பூ, பறவைப் படங்களை வைத்து எந்தத் திரையையும் எடைபோட முடியாது.

அடுத்தது பேரனின் கோரிக்கை: தனி கிராஃபிக்ஸ் அட்டை, அதாவது திரையில் படம் வரைவதற்கென்றே உள்ள பாகம். இப்போது அவன் விளையாடுபவை எளியவை. காணொளித் தொகுப்பும் சிறியது. அட்டைக்குப் போகும் தொகையைத் திரையிலும் ரேமிலும் போட்டுவிட்டு, அந்த வேலையைத் தனக்குள்ளேயே செய்யும் நல்ல உள்ளமை கிராஃபிக்ஸ் கொண்ட செயலியை எடுப்பது, பின்னாளில் அட்டை போட இடம் விட்டுவைப்பது என்று உடன்பாடு ஆனது. இந்த நிபந்தனைதான் செயலியைத் தேர்ந்தெடுத்தது: 2024 ஜனவரி இறுதியில் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 8600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு இழை, 65 வாட் வகுப்பு, உள்ளேயே ரேடியான் 760எம் கிராஃபிக்ஸ். கூடவே குளிர்விப்பானும் வரும். செயலி பற்றிய பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

நேரம் பிடித்தது ரேம். செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகியதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை எங்கும் கடுமையாக ஏறியிருந்த நேரம். முதலில் 16 ஜிபி ஒற்றைத் துண்டு வாங்கிவிட்டு விலை இறங்கியபின் இன்னொன்று சேர்க்கலாம் என்றார் மகள். கேட்பதற்குச் சிக்கனமான யோசனை. ஆனால் உள்ளமை கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. கணினியின் ரேமையே அதுவும் பயன்படுத்துகிறது. ஒற்றைத் துண்டு போட்டால் ரேமுக்கும் செயலிக்கும் நடுவே உள்ள பாதையின் அகலம் பாதியாகிவிடும், முதலில் அடிவாங்குவது கிராஃபிக்ஸ்தான். சரி, 8 ஜிபி துண்டுகள் இரண்டு போட்டு, பிறகு இன்னும் இரண்டு சேர்த்தால்? இந்தச் செயலி பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டுகளில் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் துண்டுகள் நான்கையும் நிரப்பினால் வேகம் கீழே இறங்கிவிடும். இரண்டு துண்டுகளுடன் 6000 என்ற வேக எண்ணில் ஓடுவது நான்கு துண்டுகளுடன் 3600-க்கும் வரக்கூடும். ஆக, பின்னால் சேர்ப்பது என்ற வழியே இந்தக் கணினியைப் பொறுத்தவரை அரைகுறையானது. கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் 16 ஜிபியில் மீதி எவ்வளவு என்று பார்த்தால், நாற்பது தாவல்களுக்கும் காணொளித் தொகுப்புக்கும் அது இழுபறிதான். கடைசியில் 16 ஜிபி துண்டுகள் இரண்டு, ஒரே பொதியில். பட்டியலிலேயே மனம் கூசிய செலவு அது. ஈடுகட்ட, அலங்கார விளக்குகள் எரியும் கேபினெட்டைப் பேரன் தானாகவே விட்டுக்கொடுத்தான்.

எஸ்எஸ்டியில் யோசிக்க ஒன்றுமில்லை. 1 டிபி, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகை, நான்காம் தலைமுறை பிசிஐஇ இணைப்பு. அதைவிட வேகமானவை பெட்டியில் அச்சிடும் எண்ணுக்காக விற்கப்படுபவை. ஆவணமும் உலாவியும் பயன்படுத்தும் வீட்டில் வித்தியாசம் தெரியாது.

மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். கேபினெட்டோடு இலவசமாக வருவது வேண்டாம் என்றேன். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 550 வாட் ஒன்று எடுத்தோம். இப்போதுள்ள பாகங்களுக்கு இது மிகை. பின்னாளில் வரக்கூடிய அட்டைக்காக. அந்த முத்திரை சொல்வது, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பாகங்களுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும்தான். மின்னழுத்தம் ஏறினால் காக்குமா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கெல்லாம் அது சான்று அல்ல. உத்தரவாதக் காலத்தையும், பிரித்து ஆராய்ந்து எழுதப்பட்ட மதிப்புரைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

முழுக் கணினியாக ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் இந்த அலசல் எதுவும் தேவையில்லை, பழுது என்றால் பேசவேண்டிய இடமும் ஒன்றுதான். கணினிதான் பிழைப்பு, ஆனால் அதைத் திறந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லை என்பவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் அவற்றில் சில, பொது அளவில் இல்லாத பவர் சப்ளையும் மதர்போர்டும் கொண்டவை. பின்னாளில் அட்டை போட நினைக்கும் இந்த வீட்டுக்கு அது ஒத்துவராது.

பூட்டுதல்

மதர்போர்டு பி650 வகை. 8600ஜி வருவதற்கு முன்பே சந்தைக்கு வந்த வகை அது. பழைய இருப்பாக இருந்தால் அதிலுள்ள பயாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடிப் பாகங்களை எழுப்பும் மென்பொருளுக்கு, இந்தச் செயலியை அடையாளம் தெரியாது. எனவே பெட்டியின் மேல், அதைவிடப் புதிய 9000 வரிசைச் செயலிகளுக்கும் ஆயத்தம் என்ற ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினார்கள்.

பூட்டும் வேலையைப் பேரனும் மகளும் உணவு மேசையில் செய்தார்கள். பழைய ஏஎம்டி செயலிகளில் ஊசிகள் செயலியின் அடியில் இருக்கும். ஏஎம்5-இல் 1718 முனைகளும் மதர்போர்டின் குழியில் இருக்கின்றன. விரல் பட்டு ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். மூலையிலுள்ள முக்கோணக் குறியை ஒத்துப்பார்த்து, செயலியை மேலிருந்து வைத்தான், அழுத்தவில்லை. நெம்புகோலை இறக்கும்போது எழுந்த நெறுநெறு ஓசைக்கு அவன் முகம் வெளிறியது. அது இயல்பான ஓசை. கறுப்பு மூடி தானாகத் துள்ளி விழுந்ததும் மூச்சு விட்டான்.

குளிர்விப்பானைத் திருகுவதற்கு முன் மதர்போர்டிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கினார்கள். ரேம் துண்டுகள் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது குழிகளில். இந்த இடத்தை விட்டு அடுத்தடுத்துப் போடுவது பரவலாக நடக்கிறது, கணினி அப்போதும் ஓடும் என்பதால் யாருக்கும் தெரியாமலே போகிறது. கேபினெட்டின் பொத்தானிலிருந்து வரும் பொடிக் கம்பிகளைச் செருகத்தான் நேரம் போனது. மகளின் கைப்பேசி விளக்கும் தாத்தாவின் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அதற்கு வேண்டியிருந்தன.

பொத்தானை அழுத்தினார்கள். விசிறி சுழன்றது. திரை கறுப்பு.

இந்த இடத்தில் பலர் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். டிடிஆர்5 ரேமை முதன்முறை சந்திக்கும் ஏஎம்5 போர்டு, ஒவ்வொரு துண்டோடும் எந்த நேரக்கணக்கில் பேசினால் பிழையின்றி வரும் என்று தானே சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம்; அதுவரை திரையில் ஒன்றும் வராது. நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மதர்போர்டின் ஓரத்தில் செயலி, ரேம், கிராஃபிக்ஸ், துவக்கம் என்று நான்கு பொடி விளக்குகள் இருந்தன. ரேமுக்கானது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. "மாமா, கெட்டுவிட்டதா?" என்றான். "விளக்கைப் பார்த்துக்கொண்டே இரு, எதையும் தொடாதே" என்றேன். விளக்கு அணைந்து, அடுத்த விளக்கு மின்னி, பயாஸ் திரை வந்தது.

அங்கே ரேம் 4800-இல் ஓடுவதாகக் காட்டியது. பெட்டியில் அச்சிட்டிருந்ததோ 6000. அந்த வேகம் எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்கினால்தான் வரும். இயக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓடும் கணினிகள் ஏராளம். அதை இயக்கியதும் மறுபடி ஒரு கறுப்புத் திரை, மறுபடி காத்திருப்பு.

விண்டோஸும் அதன் விருப்பங்களும்

நிறுவல் பென்டிரைவை, பழைய கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே தயார் செய்து வைத்திருந்தார்கள். 8 ஜிபி போதும். இதைத் தள்ளிப்போட்டுப் பழையதைக் கழற்றிவிட்டால், அதை உருவாக்க இன்னொரு வீட்டுக் கணினியைத் தேடி அலைய வேண்டும்.

உரிமம் பற்றி ஒரு சொல். பழைய கணினியோடு வந்த விண்டோஸ் அந்த மதர்போர்டோடு பிணைந்தது. புதிதுக்கு மாற்ற முடியாது. விண்டோஸ் 7, 8 காலத்துச் சாவிகளைக் கொண்டு புதிதாகச் செயல்படுத்தும் வழியையும் மைக்ரோசாஃப்ட் 2023-இல் அடைத்துவிட்டது. இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் சாவிகளைப் பேரன் காட்டினான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாவி எப்போது செல்லாமல் போகும் என்றும் தெரியாது. பின்னாளில் இன்னொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லறை உரிமத்தை வாங்கினார்கள்.

நிறுவல் பாதியில் நின்றது. விண்டோஸ் 11 ஹோம் இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்டது. ஆனால் புதிய போர்டின் வைஃபைக்கோ கம்பி இணைப்புக்கோ தேவையான டிரைவர் (பாகத்தை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள்) நிறுவல் பென்டிரைவில் இல்லை. இணையம் இருந்தால்தான் டிரைவர் வரும், டிரைவர் இருந்தால்தான் இணையம் வரும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்ததும் விண்டோஸ் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டுவைத்தாலும் சரி.

பிறகு வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் எஸ்எஸ்டி முழுவதையும், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி, விண்டோஸ் தானாகவே மறையாக்கம் செய்துவிடுகிறது. பெரிதாக அறிவிப்பதில்லை. மீட்புச் சாவி 48 இலக்க எண். அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. கணக்கின் கடவுச்சொல் மறந்து, கணினியும் ஒருநாள் சாவி கேட்டால், உள்ளே இருப்பது அத்தனையும் போனதுதான். மகள் அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைத்தார். தாத்தாவுக்கு இது மிகையாகப் பட்டது.

திரை 100 ஹெர்ட்ஸ் தரவல்லது, அதாவது வினாடிக்கு நூறு முறை படத்தைப் புதுப்பிக்கும். விண்டோஸ் 60-இல் வைத்திருந்தது. மாற்றினார்கள். 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபியாகத் தெரிந்ததைப் பேரன் ஏமாற்று என்றான். தயாரிப்பவர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-களில் எண்ணுகிறது; குறைந்தது ஒன்றுமில்லை.

குடிபெயர்ப்பு

வாங்குவதும் பூட்டுவதும் பேசப்படுகிற அளவுக்குத் தகவலை மாற்றுவது பேசப்படுவதில்லை. இந்த வீட்டில் அதிக உழைப்பு அதற்குத்தான் போனது.

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதிய பெட்டியில் சாட்டா கம்பியால் இணைத்தார்கள். நகலெடுக்கத் தொடங்கும் முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பார்த்தோம். படிக்க முடியாமல் நிலுவையில் வைத்திருக்கும் பிரிவுகள் சில இருந்தன. எச்சரிக்கை மஞ்சளில் இருந்தது. அந்த நிலையில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டி அதை மேலும் வாட்டக் கூடாது. ஓடும்வரை வேண்டியதை எடுத்துவிட வேண்டும். அதுவும் முழு டிஸ்க்கையும் ஒரே இழுப்பில் அல்ல. மறுபடி உருவாக்க முடியாதவை முதலில்: தாத்தாவின் புகைப்படங்கள், பிறகு எழுத்துகள், மகளின் வேலைக் கோப்புகள். பாட்டும் படமும் கடைசியில். புகைப்படக் கோப்புறை ஒன்றில் நகலெடுப்பு வேகம் பூஜ்யத்துக்கு இறங்கி, நின்று, திணறி, மீண்டும் நகர்ந்தது. இரண்டு படங்கள் மட்டும் வரவில்லை. அவற்றின் மூலப் பிரதிகள் ஆல்பத்தில் இருந்ததால் தாத்தா மீண்டும் ஸ்கேன் செய்துகொண்டார்.

புகைப்படங்களைப் புதிய கணினியின் படங்கள் கோப்புறையில் போட்ட கொஞ்ச நேரத்தில் "சேமிப்பிடம் நிறைந்துவிட்டது" என்று அறிவிப்பு. நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருக்கும் எஸ்எஸ்டியில் இது எப்படி? நிறைந்தது ஒன்டிரைவ். மேசைத்திரை, ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகளை விண்டோஸ் தன் இணையச் சேமிப்புக்குள் நகர்த்திவைத்திருந்தது. இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டும். அந்தக் காப்பு வசதியை நிறுத்தி, கோப்புகள் கணினியில்தான் இருக்கின்றன என்று உறுதிசெய்துகொண்டு, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வாராவாரம் பிரதி எடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். இணையச் சேமிப்பு மோசம் என்பதல்ல. எது எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்குத் தெரியாத ஏற்பாடு மோசம்.

தாத்தாவின் கட்டுரைகள் வேறு விதமாக வேலை வைத்தன. ஒரு கோப்பைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய நாட்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. அந்த முறையில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. "அம்மா" என்று அவர் தட்டியிருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. "தம்பி, முப்பது வருஷத்து எழுத்து" என்றார், மேலே பேசவில்லை.

தகவல் எதுவும் அழியவில்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் நிறுவியதும் தமிழ் திரும்பியது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் மறுபடி குப்பையாகத்தான் தெரியும், தேடவும் முடியாது. ஆகவே எழுத்துமாற்றி மென்பொருள் கொண்டு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினார்கள். பிழைகள் ஒரே இடத்தில் குவிந்தன: கொம்பு. "கெ" என்று எழுத, பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலில், "க" பிறகு. யூனிகோடில் மெய்தான் முதலில், உயிர்க்குறி பின்னால். "கொ", "கோ" போன்றவற்றில் கொம்பு ஒருபக்கமும் கால் மறுபக்கமுமாக இருப்பதால், சில இடங்களில் கால் மட்டும் தனியாக விழுந்தது. "ள" எழுத்தும் "ஔ"காரக் குறியின் பின்பாதியும் ஒரே வடிவம் என்பதால் அங்கேயும் குழப்பம். மெய்ப்புப் பார்ப்பது தொழில் என்பதால் மகள் இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மாற்றிய பிறகும் மூலக் கோப்புகளை அழிக்கவில்லை.

புதிதாகத் தட்டச்சு செய்ய, விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99 விசைப்பலகையைப் பேரன் பழகினான். தாத்தாவுக்குப் பழைய விசை வரிசை விரலோடு ஊறியது. அவருக்கென்று அதே வரிசையில் யூனிகோடு தரும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். இந்த வயதில் விரலை மாற்றச் சொல்வதில் நியாயம் இல்லை.

நிலைத்த பின் வந்தவை

வீட்டிலிருந்த பழைய யுபிஎஸ்ஸில் புதிய கணினியை இணைத்து, முக்கியமான எதுவும் திறந்திராத நேரத்தில் சுவர் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தார்கள். கணினி அணைந்து மறுபடி துவங்கியது. பேட்டரியை மாற்றியும் அதேதான். பல மலிவான யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது தருவது படிக்கட்டு வடிவ மின் அலை; புதிய வகை பவர் சப்ளைகளில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். பழைய கணினியில் ஓடியது என்பதால் புதியதிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. தூய சைன் அலை தரும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றியபின் சோதனையில் திரை சிமிட்டக்கூட இல்லை. பட்டியலில் இல்லாத செலவுகளில் இது பெரியது. கேமரா, மைக், ஒலிபெருக்கி ஆகியவை மற்றவை. இவை மூன்றும் மடிக்கணினியில் தாமாகவே வரும், மேசைக் கணினியில் வராது என்பது முதல் காணொளி அழைப்பின்போதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது.

சில வாரங்கள் கழித்து மதர்போர்டு நிறுவனம் புதிய பயாஸ் வெளியிட்டது. பேரன் அதை ஏற்றினான். அடுத்த துவக்கத்தில் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்பட்டது. பயாஸ் மாறும்போது, செயலிக்குள் இருக்கும் டிபிஎம் வைத்திருந்த கணக்கு பொருந்தாமல் போனதன் விளைவு இது. பயாஸ் ஏற்றுமுன் மறையாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருந்தால் கேட்டிருக்காது. மகள் பத்திரங்களுக்கு நடுவிலிருந்து தாளை எடுத்துவந்து வாசிக்க, பேரன் தட்டினான். பக்கத்தில் நின்றிருந்த தாத்தா, தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அதே தாளில் எழுதிவைக்கச் சொன்னார். மகள் அதற்கு மட்டும் உடன்படவில்லை.

பழைய பெட்டிக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்று போட்டு, லினக்ஸ் நிறுவி, நிரல் பழகுவதற்கென்று பேரன் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டான். அதன் பழைய டிஸ்க் இணைப்பின்றி அலமாரியில் இருக்கிறது. எழுத்துமாற்றம் முடியும்வரை அதை யாரும் துடைக்கப் போவதில்லை.

கிராஃபிக்ஸ் அட்டை இன்னும் பேச்சில் இருக்கிறது. 8600ஜி அட்டைக்குத் தகவல் போய்வர எட்டுப் பாதைகள் மட்டுமே தரும், பவர் சப்ளை 550 வாட், கேபினெட்டில் இருக்கும் நீளம் இவ்வளவு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறான். கடைசியாக அவன் காட்டிய அட்டை முதல் இரண்டிலும் தேறியது. நீளத்தில் ஒரு விரற்கடை மிஞ்சியது. முன்பக்க விசிறியைக் கழற்றினால் நுழையுமா என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறான்.